கல்லாப்பெட்டியின் முன் பெற்றோரும் பிள்ளைகளும்

பிள்ளையை ஆசிரியர் வகுப்பறையில் காண்கிறார். மருத்துவர் நோயுற்ற வேளையில் காண்கிறார். உறவினர் திருநாளிலும் திருமணத்திலும் காண்கின்றனர். பிள்ளையின் ஆசையும் பெற்றோரின் பணப்பையும் ஒருங்கே திறந்திருக்கும் வேளையில் இரு சாராரையும் சேர்த்துக் காண்பவர் பல்பொருள் அங்காடியின் காசாளர் ஆவார். அவர் காண்பது சில நிமிடங்களே. ஆயினும் அச்சில நிமிடங்களில் ஒரு வீட்டின் பழக்கம் வெளிப்பட்டுவிடுகிறது.

அவர் அன்றாடம் காணும் காட்சி யாவரும் அறிந்ததே. வேலை முடிந்து வந்த தாய் வரிசையில் நிற்கிறார். நான்கு வயதுப் பிள்ளை, பணப்பெட்டியின் அருகே அடுக்கியுள்ள மிட்டாயைக் கேட்கிறது. "வேண்டாம்" என்கிறார் தாய். பிள்ளை மீண்டும் கேட்கிறது, சிணுங்குகிறது, பின்னர் தரையில் அமர்ந்து அழுகிறது. வரிசையில் நிற்போர் திரும்பிப் பார்க்கின்றனர். தாய் மிட்டாயை எடுத்துப் பிற பொருள்களோடு வைத்துவிடுகிறார். அழுகை நின்றுவிடுகிறது.

பிள்ளை பொல்லாதது என்றோ, தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார் என்றோ கண்டோர் தீர்ப்புக் கூறிச் செல்வர். ஆனால் இதற்குக் காரணம் அவ்விருவரிடம் மட்டும் இல்லை. கடையின் அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு.

கேட்டு வாங்கிய காலம்

பழைய மளிகைக் கடையில் பொருள்களிற் பெரும்பாலானவை கடைக்காரருக்குப் பின்னால் இருந்தன. வாங்க வருவோர் வாயால் கேட்க, அவர் எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுப்பார். புட்டியிலுள்ள மிட்டாய் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. பிள்ளை தாயிடம் கேட்டு, தாய் கடைக்காரரிடம் கேட்டால்தான் அது கிடைக்கும். ஆசைக்கும் பொருளுக்கும் இடையே பெரியவர் இருவர் நின்றனர்.

இம்முறையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்னும் அமெரிக்க வணிகர். 1916ஆம் ஆண்டு செப்டம்பரில் மெம்பிஸ் நகரில் 'பிக்லி விக்லி' என்னும் கடையை அவர் திறந்தார். வாடிக்கையாளர் கூடையோடு உள்ளே நுழைந்து, வகுத்த ஒரே வழியில் எல்லா அடுக்குகளையும் கடந்து, வேண்டியவற்றைத் தாமே எடுத்துக்கொண்டு, முடிவில் பணம் செலுத்த வேண்டும். இவ்வமைப்புக்கு 1917இல் அவர் காப்புரிமையும் பெற்றார். 1937இல் ஓக்லஹோமா நகரின் சில்வன் கோல்ட்மன் கூடைகளைச் சக்கர வண்டியில் ஏற்றினார். பின்னாளில் அவ்வண்டியில் பிள்ளை அமர்வதற்கும் ஓர் இருக்கை ஏற்பட்டது.

இம்முறையால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. பணியாளர் செலவு குறைந்தது, விலையும் குறைந்தது. சிங்கப்பூரில் 1973இல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோ பாயோவில் கூட்டுறவு அங்காடியைத் தொடங்கியதும், விலையேற்றத்தால் மக்கள் வருந்தாமல் காப்பதற்கே. ஆயினும் ஆசைக்கும் பொருளுக்கும் இடையே நின்ற இருவருள் கடைக்காரர் விலகிக்கொண்டார். பெற்றோரின் "வேண்டாம்" என்னும் ஒரு சொல்லே தடையாக எஞ்சியது.

அச்சொல்லும் மிகத் தளர்ந்திருக்கும் இடம் பணப்பெட்டி வரிசையே. அரிசி எது, எண்ணெய் எது, எதன் விலை குறைவு என்று பலமுறை எண்ணித் தேர்ந்த பெற்றோர் அங்கே களைத்து நிற்கின்றனர். பிள்ளைக்கோ செய்வதற்கு ஒன்றுமில்லை. விலகிச் செல்லவும் வழியில்லை. அவ்விடத்தில், சிறுவர் கண்ணுக்கு நேராக, விலை குறைந்த இனிப்புகளை அடுக்கி வைப்பது வணிகர் அறிந்தே செய்யும் ஏற்பாடாகும்.

அழுகை கற்கும் பாடம்

தாய் விட்டுக்கொடுத்த அந்நொடியில் பிள்ளை ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது. அஃது யாது என்பதை உளநூலார் விளக்கியுள்ளனர். பெர்ஸ்டர், ஸ்கின்னர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளை 1957இல் பெருநூலாக வெளியிட்டனர். கொத்தும்போதெல்லாம் இரை பெற்றுப் பழகிய புறா, இரை நின்றபின் விரைவில் கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று அறியாதவாறு இடையிடையே இரை பெற்ற புறாவோ, நின்றபின்னும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும்.

பிள்ளை புறாவன்று. ஆயினும் இவ்வுண்மை அதற்கும் ஓரளவு பொருந்தும். மூன்று வாரம் மறுத்து, நான்காம் வாரம் அழுகைக்கு அஞ்சிக் கொடுக்கும் பெற்றோர், "இன்னும் சற்று நேரம் அழுதால் கிடைக்கும்" என்பதையே கற்பிக்கின்றனர். வாரந்தோறும் வரும் குடும்பங்களைக் காணும் காசாளருக்கு இந்த வேறுபாடு புலப்படும். மறுத்தால் மறுத்ததே என்று அறிந்த பிள்ளை ஒருமுறை கேட்டு அடங்கிவிடும். உறுதியற்ற மறுப்பைப் பழகிய பிள்ளையே தரையில் அமர்கிறது.

வேறு சில பெற்றோர் காசாளரையே துணைக்கு அழைக்கின்றனர். "தொடாதே, அக்கா ஏசுவாங்க!" என்கின்றனர். ஏசும் எண்ணமே இல்லாத காசாளர் சிரித்துவிட்டால் அந்த மறுப்பு அங்கேயே பொருளற்றுப் போகிறது. "இன்று நம் பட்டியலில் அது இல்லை" என்று பெற்றோர் தாமே காரணம் கூறினால், அதனைப் பிள்ளை அடுத்த கடைக்கும் எடுத்துச் செல்லும்.

இல்லாமையின் மறுப்பு

எல்லா மறுப்பும் கண்டிப்பினால் எழுவதன்று. கூட்டிய தொகை கையிலுள்ள பணத்தை மீறும்போது, ஒன்றிரண்டு பொருள்களை எடுத்துவிடுமாறு தாழ்ந்த குரலில் கேட்கும் பெற்றோர் உளர். காசாளர் பணியில் மனத்தை வருத்தும் வேளை அதுவே. பெற்றோர் சொல்லுமுன் தன் பிஸ்கட்டைத் தானே எடுத்து, "இது வேண்டாம்" என்று நீட்டும் பிள்ளையும் உண்டு. நல்ல பிள்ளை என்று பிறர் புகழலாம். ஆனால் அது தன் வயதுக்கு மீறிய கணக்கை அறிந்துவிட்ட பிள்ளை. வரிசையில் நிற்போருக்குக் கண்டிப்பும் இல்லாமையும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே ஒரு நிமிடக் காட்சியைக் கொண்டு எந்தக் குடும்பத்தையும் எடைபோடுதல் தகாது.

சட்டமும் பேச்சும்

பெற்றோரின் சுமையைக் குறைக்கச் சில நாட்டார் சட்டம் செய்துள்ளனர். அமெரிக்காவின் பெர்க்லி நகரம் 2020இல் பெரிய கடைகளின் பணப்பெட்டி அருகே சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை வைப்பதற்குத் தடை விதித்தது. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பெரிய கடைகளின் வாயில், அடுக்குகளின் முனை, பணப்பெட்டி ஆகிய இடங்களில் வைக்கலாகாது என்னும் விதி நடைமுறைக்கு வந்தது.

சட்டம் மிட்டாயை அகற்றும். பழைய கடையோடு மறைந்த பேச்சை மீட்டுத் தராது. அதற்கும் ஒரு வழி காணப்பட்டுள்ளது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், பிலடெல்பியா நகரத்து அங்காடிகளில், பால் எங்கிருந்து வருகிறது என்பது போன்ற எளிய வினாக்கள் எழுதிய அட்டைகளை ஆய்வாளர் வைத்தனர். வருவாய் குறைந்தோர் வாழும் பகுதிகளில், அவ்வட்டைகள் இருந்த நாள்களில் பெற்றோரும் பிள்ளைகளும் கூடுதலாக உரையாடினர்.

தமிழாசிரியர்கள் கருதத்தக்க செய்தி இது. சீரகம், சோம்பு, வெந்தயம், கடுகு, உளுந்து என்னும் சொற்களைப் பொருளோடும் மணத்தோடும் கற்பதற்கு மளிகை அடுக்கைவிட ஏற்ற இடம் வேறில்லை. வாரத்துக்குரிய பட்டியலைப் பிள்ளையே தமிழில் எழுதி வரட்டும். கடையில் அப்பட்டியல் அதன் கையிலேயே இருக்கட்டும். எடுத்ததை அதுவே அடித்துவிடட்டும். அவ்வாறு வரும் பிள்ளைக்குக் கடையில் தேடும் வேலை இருக்கிறது. பட்டியலில் இல்லாததை ஏன் வாங்கவில்லை என்பதும் விளங்குகிறது.

இப்போது பல அங்காடிகளில், வாங்குவோர் தாமே கணக்கிட்டுப் பணம் செலுத்தும் பொறிகள் வந்துவிட்டன. பழைய கடைக்காரர் போனதுபோல் காசாளரும் மெல்ல விலகி வருகிறார். நோட்டும் சில்லறையும் அட்டைக்குள் மறைவதால், பணம் குறைவதைப் பிள்ளை கண்ணால் காண்பதும் அரிதாகிறது. எது வேண்டும், எது வேண்டாம், ஏன் வேண்டாம் என்பவற்றைச் சொல்லித் தரும் பொறுப்பு முழுவதும் இனிப் பெற்றோரையே சாரும். அப்பேச்சு வரிசையில் தொடங்கினால் காலம் கடந்துவிடும். வீட்டில், பட்டியல் எழுதும்போதே தொடங்க வேண்டும்.