விட்ட இடத்திலிருந்து மீண்டும் ஒரு கோடு



பாறசாலையிலிருந்தோ நெய்யாற்றின்கரையை அடுத்த சிற்றூர்களிலிருந்தோ பிழைப்பைத் தேடி நகரத்திற்கு வந்து குடியேறியவராக நீங்கள் இருப்பீர்களாயின், இருமொழிப் பத்திரிகைகளையும் ஒரே டீக்கடை பெஞ்சில் கண்டு வளர்ந்திருப்பீர்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவோ கேரளத்தில் நின்றது. அந்த எல்லைக்கோடு நிலத்தின்மேல் விழுந்ததேயன்றி வீடுகளுக்குள் முற்றிலும் விழவில்லை. களியக்காவிளைச் சந்தைக்குச் சென்று திரும்பும் தகப்பனாரின் பையில் தினத்தந்தி இருக்கும். பள்ளியில் மலையாளம் பயின்ற பிள்ளைகள் மலையாள மனோரமா வார இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து பிரிப்பார்கள். முன்னதில் கன்னித்தீவு, பின்னதில் போபனும் மோளியும்.

இவ்விரண்டு சித்திரத் தொடர்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கையில் ஒரு கேள்வி எழுகின்றது. வரைந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டால் அந்தச் சித்திரம் என்னவாகும்? பல ஆண்டுகள் விலகியிருந்து அவர் திரும்பி வருவாராயின், அந்த முகங்கள் அவருக்காகக் காத்திருக்குமா?

கன்னித்தீவைப் பொறுத்தவரை இக்கேள்விக்கே இடமில்லை. 1960இல் தொடங்கிய அத்தொடர் ஓவியர்கள் மாறியபோதும் நிற்கவில்லை. சிந்துபாத் பத்திரிகைக்குச் சொந்தமானவன். அவனை வரையும் கை எதுவாகவும் இருக்கலாம். முடிவில்லாத காரியத்தைக் ‘கன்னித்தீவு’ என்று நாம் கேலியாய்ச் சொல்லுகிறோம். ஆயினும், நாள்தோறும் தவறாமல் கட்டம் நிரப்பிய அந்த ஓவியர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

போபனும் மோளியும் வேறு வழியில் வந்தவர்கள். குட்டநாட்டில் 1929இல் பிறந்த வி. டி. தாமஸ், ‘டோம்ஸ்’ என்னும் பெயரில் வரைந்தவர். அவருடைய வீட்டு வழியே குறுக்குப் பாதை பிடித்துப் பள்ளிக்குச் சென்ற அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவரே அத்தொடருக்குக் கரு. 1957 முதல் மனோரமா வார இதழில் அவர்கள் உலாவத் தொடங்கினார்கள். கட்சிக்காரரே வராத வக்கீலாகிய தகப்பன், கிழுக்காம்தூக்கு என்னும் பஞ்சாயத்து, அதன் தலைவர் இட்டுண்ணான், கிதாரைத் தூக்கித் திரியும் அப்பி ஹிப்பி, இவர்கள் அனைவரையும் மடக்கிவிடும் இரு சிறுபிள்ளைகள், கூடவே ஒரு நாய். எல்லைக் கிராமத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மலையாள எழுத்து முழுவதும் பிடிபடுமுன்னே அந்த நாய் பிடிபட்டுவிடும்.

1987இல் டோம்ஸ் மனோரமாவை விட்டு வெளியே வந்தார். கலாகௌமுதி வார இதழில் அதே பிள்ளைகளை மீண்டும் வரையலானார். வழக்கு எழுந்தது. பழைய நிறுவனம் தடையாணை பெற்றது. டோம்ஸ் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார். வேலைக்குச் சேருமுன்பே அப்பாத்திரங்களை அவர் படைத்திருந்தார் என்பதையும், வேலை முடிந்தபின் அவர் வரையப்போகிறவற்றின்மேல் பழைய முதலாளிக்கு உரிமை செல்லாது என்பதையும் கருதி, நீதிமன்றம் அவருக்கு வழிவிட்டது. அவருடைய இடைவெளி நீண்டதன்று என்பது மெய்யே. ஆனால் முப்பது ஆண்டுகள் வளர்த்த பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் என்று மெய்ப்பிக்க நீதிமன்றப் படி ஏறுவதென்பது சாதாரணக் காரியமா? பதிப்புரிமை வழக்குகளைப் பயிலுவோர் இன்றும் இத்தீர்ப்பை எடுத்து வாசிக்கிறார்கள்.

நெடுங்காலம் கழித்துத் திரும்பியோரைக் காண நாம் அமெரிக்கா வரை செல்லவேண்டியிருக்கிறது. பெர்க்கிலி பிரீதெட் 1980 முதல் 1989 வரை ‘புளூம் கவுண்டி’ என்னும் தினசரித் தொடரை வரைந்தவர். 1987இல் புலிட்சர் பரிசு பெற்றவர். புகழின் உச்சியில் அதை நிறுத்தினார். நடுவே ஞாயிற்றுக்கிழமைத் தொடர்கள் சிலவற்றை வரைந்தாலும், அந்தப் பழைய பெயருக்கு அவர் திரும்பியது 2015 ஜூலையில்தான். அப்போதும் செய்தித்தாளுக்குச் செல்லவில்லை. ஃபேஸ்புக் பக்கத்தில் தானே வெளியிட்டார்.

பில் வாட்டர்சனோ 1995 டிசம்பர் 31ஆம் தேதியோடு ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ தொடரை முடித்தவர் முடித்தவரே. ஒரேயொருமுறை, 2014 ஜூனில், வேறொருவருடைய தொடருக்குள் மூன்று நாட்கள் இரகசியமாய்ப் புகுந்து வரைந்தார். தன்னால் அதைவிட நன்றாய் வரையமுடியும் என்று சொல்லும் ஒரு பள்ளிச் சிறுமியின் கைவண்ணமாக அவை அச்சேறின. வெளிவந்து முடியும்வரை எவருக்கும் சொல்லக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை!

உங்களில் எவரேனும் ஒருகாலத்தில் கல்லூரி மலருக்குச் சித்திரம் வரைந்து, பின் நகரத்து வேலையின் நெருக்கத்தில் அதை விட்டுவிட்டவராக இருக்கலாம். உங்களுக்கு கேரி லார்சனின் அனுபவம் நன்றாய் விளங்கும். ‘த ஃபார் சைட்’ என்னும் ஒற்றைக் கட்டச் சித்திரத்தை அவர் 1995 தொடக்கத்தில் நிறுத்தினார். அதன்பின் ஆண்டுக்கொருமுறை கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்காகப் பேனாவை எடுப்பார். ஒவ்வோர் ஆண்டும் மை உலர்ந்து அடைத்துக்கொண்டிருக்கும். சலித்துப்போய் ஒரு மின்னணு வரைபலகையை வாங்கினார். அதில் கிறுக்கிப் பார்த்தபோது பழைய இன்பம் திரும்பிற்று. 2020 ஜூலையில் தமது வலைத்தளத்தில் புதுச் சித்திரங்களை வைத்தார். நாள்தோறும் வரையப்போவதில்லை என்பதையும் முன்னதாகவே தெளிவாக்கிவிட்டார்.

திரும்பி வந்தோர் கைப்பழக்கம் போய்விட்டதென்று அஞ்சுவது இயல்பே. என் எண்ணத்தில் கை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. கடினம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு பாத்திரத்தின் மூக்கு எவ்வளவு நீளம், கோபத்தில் புருவம் எங்கே நிற்கும் என்பதை வரைந்தவரைவிட வாசகர் நன்றாய் நினைவில் வைத்திருப்பார். ஒரு மயிரிழை பிசகினாலும் ‘இது நம்முடைய மோளி அல்ல’ என்று குழந்தையும் சொல்லிவிடும். அத்துடன் அச்சகத்தின் கடிகாரம் வேறு. மூன்று நான்கு கட்டங்களே ஆயினும், ஆண்டில் முந்நூற்றுக்கும் மேலான நாட்கள் நகைச்சுவையைக் கண்டெடுக்கவேண்டும். பிரீதெட்டும் லார்சனும் சித்திரத்திற்குத் திரும்பினார்கள். அந்தக் கடிகாரத்திற்குத் திரும்பவில்லை.

‘பீனட்ஸ்’ வரைந்த சார்லஸ் ஷுல்ஸ் கன்னித்தீவுக்கு நேர்மாறான முடிவெடுத்தவர். 1950 முதல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், கை நடுங்கியபோதும் தாமே வரைந்தார். தமக்குப்பின் எவரும் வரையலாகாது என்றார். 2000 பிப்ரவரி 12ஆம் தேதி இரவு அவர் மரித்தார். மறுநாள் காலைச் செய்தித்தாளில் கடைசிச் சித்திரம் வெளியாயிற்று. அதற்குப்பின் வருபவை யாவும் மறுபதிப்புகளே.

டோம்ஸ் பின்னாளில் சொந்தப் பதிப்பகம் நிறுவி, கோட்டயத்திலிருந்து தம் பிள்ளைகளைத் தாமே புத்தகமாக்கி விற்றார். நம் ஊர்ப் பக்கத்துப் பேருந்து நிலையக் கடைகளிலும் அவை கயிற்றில் தொங்கின. 2016 ஏப்ரல் 27ஆம் தேதி அவர் காலமானபோது வயது 86. போபனும் மோளியும் அப்பொழுதும் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறியிருக்கவில்லை.