மூக்கடைப்பும் கோடாலித் தைலமும்

மலேசியாவின் செமோர் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் விடியுமுன்னே பனியில் இறங்கியாக வேண்டும். சளியும் மூக்கடைப்பும் அந்த வேலையோடு வந்த தொல்லைகள். காய்ச்சல் கண்டால்தான் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரைத் தேடிப் போவார்கள். அதுவரை லயத்து வைத்தியம்தான்: நொச்சியிலை போட்டு வேது பிடிப்பது, விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு முகர்வது, கற்பூரவள்ளிச் சாறு, மிளகு ரசம். எல்லாவற்றுக்கும் மேல் கோடாலித் தைலம். தோட்டத்தைவிட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த பிறகும் இந்த வைத்தியம் கூடவே வந்துவிட்டது. இதில் எது எதைச் செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

மூக்கு அடைத்தால் சளியைத்தான் குற்றம் சொல்கிறோம். உண்மையில் பெரும்பங்கு வீக்கத்துக்கு. மூக்கின் பக்கச்சுவரில் பக்கத்துக்கு மூன்றாகச் சிறு எலும்பு மடிப்புகள் இருக்கின்றன. அவற்றைப் போர்த்திய சதைக்குள் ரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கும். சளிக் கிருமி தாக்கியதும் அவை ரத்தம் கோத்துப் புடைத்து, காற்று போகும் வழியைக் குறுக்கிவிடுகின்றன. எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு விடாததும், படுத்தால் அதிகமாவதும் இதனால்தான்.

தைலத்தை முகர்ந்ததும் மூக்கு ‘திறந்துகொள்கிறதே’ என்பீர்கள். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ரான் எக்கிள்ஸ் 1980களில் இதை அளந்து பார்த்தார். தைலத்தில் சேரும் மென்தாலை முகர்ந்தவர்கள் மூச்சு தாராளமாகப் போகிறது என்றார்கள். கருவியோ வழி கொஞ்சமும் அகலவில்லை என்றது. குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்றொரு புரதம் உண்டு. குளிர்ந்த காற்று பட்டால் விழித்துக்கொள்ளும் அதை மென்தாலும் தொட்டு எழுப்புகிறது. காற்று நன்றாகப் போவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. இதை ஏமாற்று என்று நான் தள்ளமாட்டேன். இரவில் தூக்கம் வந்தால் அதுவே பெரிய நிவாரணம்.

சூடான ரசத்துக்கும் ஆதாரம் உண்டு. 1978இல் மயாமியில் நடந்த ஆய்வில், சூடான கோழி சூப் குடித்தவர்களின் மூக்குச்சளி சற்று வேகமாக நகர்ந்தது. நம் கோழி ரசத்தை யாரும் இப்படிச் சோதித்ததாகத் தெரியவில்லை என்றாலும், சூடும் ஆவியும் அதிலும் இருக்கின்றன. ஆவி பிடிப்பதற்கு மட்டும் சான்று பலவீனம். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் பல நாட்டு மருத்துவமனைகளுக்கு வந்திருக்கிறார்கள். சிறுவர்களுக்கு வேது வேண்டவே வேண்டாம்.

நம் வீடுகளில் அதிகம் செய்யாத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: உப்புநீர். 2019இல் எடின்பரோ ஆய்வாளர்கள் வெளியிட்ட சிறு சோதனையில், உப்புநீரால் மூக்கு கழுவி, தொண்டை கொப்பளித்தவர்களுக்குச் சளி ஏறத்தாழ 2 நாள் முன்னதாகவே விட்டது. அதே குழு 2024இல் 400க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் செய்த ஆய்வை அறிவித்தது. பெற்றோர் வீட்டிலேயே கலக்கிய உப்புநீரை மூக்கில் சொட்டுவிட்டார்கள். 8 நாள் சளி 6 நாளானது. வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றியதும் குறைந்தது.

பெரியவர்கள் ஒரு குவளை (250 மில்லி) நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கழுவலாம். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டே பயன்படுத்த வேண்டும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்நீரை அப்படியே மூக்கில் விட்ட இருவர், மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள்.

கடைசியாகப் பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். 2 வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ கற்பூரம், மென்தால் சேர்ந்த தைலம் தடவாதீர்கள். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரலாம். மென்தால் மூச்சைத் திணறடிக்கலாம். மலேசியாவில் பிறந்ததுமே ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டுக்குச் சோதிக்கிறார்கள். அந்தக் குறைபாடுள்ள குழந்தை என்றால் இந்தத் தைலங்களில் கூடுதல் கவனம் தேவை. கைக்குழந்தை மூக்கடைப்பால் பால் குடிக்க முடியாமல் திணறினால், வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல் உடனே கிளினிக்குக்குத் தூக்கிச் செல்லுங்கள்.