சூஷிக்குள்ள சால்மன் எப்படி வந்துச்சு?

சூஷின்னதும் ஞாபகம் வர்றது அந்த ஆரஞ்சு கலர் சால்மன்தானே? அது ஜப்பான்காரங்களோட பழைய வழக்கம்னு நினைச்சிருப்பீங்க. இல்லை. பசிபிக் சால்மன்ல ஒட்டுண்ணிப் புழு இருக்கும்னு அவங்க அதைச் சுட்டுத்தான் சாப்பிட்டாங்க. பச்சையா சாப்பிட வெச்சது நார்வே அரசு!

1980-களில் நார்வேயில் பண்ணை சால்மன் குவிய ஆரம்பிச்சது. 1985-ல் மீன்வளத் துறை அமைச்சர் தோர் லிஸ்தாவ் ஒரு குழுவோட ஜப்பான் போனார். பிறகு 'ப்ராஜெக்ட் ஜப்பான்'. தூதரக விருந்துகளில் பச்சை சால்மன் பரிமாறினாங்க. பழக்கம் மாற வருஷக்கணக்கா ஆச்சு. ஒரே ஒரு கம்பெனி இவ்வளவு நாள் காசு போட்டிருக்குமா? மாட்டாங்கன்னுதான் நான் நினைக்கிறேன். ருசி பழகிட்டா லாபம் போட்டிக் கம்பெனிக்கும் போகுமே.

இப்போ அதே மீன், வேற ஊர். 2010-ல் சீனச் சிறையில் இருந்த லியு சியாவ்போவுக்கு நோபல் அமைதிப் பரிசு. கொடுத்தது நார்வே அரசு இல்லை, தனிக் குழு. ஆனா சீனாவோட கோபம் சால்மன் மேல விழுந்தது. அறிவிச்சு யாரும் தடை போடலை; துறைமுகத்துல சோதனை மேல சோதனை, அவ்வளவுதான். ஐஸ்ல வெச்ச மீன் எத்தனை நாள் தாங்கும்? சீனச் சந்தையில முன்னணியில இருந்த நார்வேயோட பங்கு சரிஞ்சது. உறவு சீரானது 2016 டிசம்பர்லதான். நடுவுல கொஞ்சம் மீன் வியட்நாம் வழியா சுத்திக்கிட்டு சீனாவுக்குள்ள போச்சுன்னு ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க.