வாங்க, மூக்குக்குள்ளே போய்ப் பார்க்கலாம்!

மதுரை மாட்டுத்தாவணியில் டவுன் பஸ் ஏறி உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆறு மணி. முன்சீட்டில் இருந்த அம்மாவின் கொண்டையில் இரண்டு முழம் மல்லி, மொட்டு அப்போதுதான் வாய் திறக்கிற பதம். பஸ் நகர்ந்து ஜன்னல் காற்று அடித்ததுதான் தாமதம், ஆஹா!

பூவுக்கும் அந்த ‘ஆஹா’வுக்கும் நடுவில் ஒரு நொடி இருந்தால் அதிகம். அந்த ஒரு நொடிக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்று படித்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நீங்களும் கூட வாருங்கள். மல்லியின் பின்னாலேயே உள்ளே நுழைந்து பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

முதல் ஆச்சரியம் வாசலிலேயே இருக்கிறது. பூ அங்கேயே இருக்க, மணம் மட்டும் தனியாகப் புறப்பட்டு வருவதில்லை. பூவிலிருந்து கழன்ற மூலக்கூறுகளேதான் மிதந்து வருகின்றன. லினலூல், பென்ஸைல் அசிடேட், இன்டோல் என்று ஒரு கூட்டமே வருகிறது. மல்லியை முகர்வது என்றால், மல்லியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியை மூக்குக்குள் வாங்கிக்கொள்வதுதான்.

துவாரத்தைத் தாண்டினால் நேர்வழி கிடையாது. பக்கச் சுவரிலிருந்து சுருள் சுருளாக எலும்புத் திட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. காற்று அவற்றை உரசிக்கொண்டு போகும்போதே சூடாகிறது, ஈரமாகிறது. இதில் ஒரு வேடிக்கை. இரண்டு துவாரங்களிலும் காற்று ஒரே அளவில் ஓடுவதில்லை. உள்ளே இருக்கிற மெத்தென்ற திசு ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் சுருங்கும். சில மணி நேரம் கழித்துப் பக்கம் மாறும். ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் கைசர் இதை 1895இல் எழுதிவைத்தார். நம் ஊரில் மூச்சு எந்தத் துவாரத்தில் ஓடுகிறது என்று சரம் பார்க்கிறவர்கள் சூரியகலை, சந்திரகலை என்று வெகுகாலமாகவே பேசிவருகிறார்கள். இப்படிப் பக்கம் மாறுவதால் மணத்திலும் வித்தியாசம் வருகிறது. சில மூலக்கூறுகள் சளிப்படலத்தில் சட்டென்று கரையும், சில நிதானமாகக் கரையும். வேகக் காற்று ஒன்றுக்குத் தோதானது, மெதுவான காற்று மற்றொன்றுக்கு. ஆக, ஒரே மல்லியை இரண்டு துவாரங்களும் கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரி முகர்ந்து தலைக்குச் சொல்கின்றன!

மேலே ஏறுங்கள், இன்னும் மேலே. இரண்டு கண்களுக்கும் நடுவே, மூக்கின் கூரையில், தபால்தலை அளவுக்கு மஞ்சள் பூத்த ஒரு படலம் இருக்கிறது. சாதாரணமாக மூச்சு விடும்போது காற்றில் சிறு பங்குதான் இதுவரை ஏறிவரும். ‘ம்ம்ம்’ என்று இழுத்து முகர்வது அதற்காகத்தான். இந்தப் படலத்தில் லட்சக்கணக்கான நரம்பு செல்கள் தங்கள் மெல்லிய இழைகளைச் சளியில் மிதக்கவிட்டுக் காத்திருக்கின்றன. கண்ணுக்கு விழிப்படலம் உண்டு, காதுக்குச் செவிப்பறை உண்டு. இங்கே அப்படி ஒரு கதவும் இல்லை. நரம்பின் நுனியே வெளிக்காற்றில் நனைந்துகொண்டிருக்கிறது. அதே நரம்பின் மறுமுனை, சல்லடை போல ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு எலும்பைத் துளைத்துக்கொண்டு நேரே மூளைக்குள் போய் முடிகிறது. ஒரே ஒரு செல். ஒரு முனையில் மதுரைக் காற்று, மறுமுனையில் மூளை! இதை முதன்முதலாக ஒரு வரைபடத்தில் பார்த்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த இழைகளில்தான் மணத்தைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. விஞ்ஞானிகள் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் எலியின் மூக்கில் தேடி, இவற்றை உண்டாக்கும் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டுபிடித்தார்கள். 2004இல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது. அது எவ்வளவு பெரிய குடும்பம் தெரியுமா? உலகத்து நிறங்களையெல்லாம் பிரித்துப் பார்க்க நம் கண்ணுக்கு மூன்றே வகை ஏற்பிகள் போதும். மூக்குக்கோ கிட்டத்தட்ட 400 வகை! மனிதனுக்கு இருக்கும் மரபணுக்களே சுமார் 20,000தான். ஐம்பதில் ஒன்றை மோப்பத்துக்கென்றே எழுதிவைத்திருக்கிறோம். ஆப்பிரிக்க யானையிடம் கிட்டத்தட்ட 2,000 இருக்கின்றன. தும்பிக்கையைத் தூக்கிக் காற்றில் துழாவும்போது அதற்கு என்னென்ன தெரியும் என்று நினைத்தாலே சிலிர்க்கிறது.

ஒரு நரம்பு செல்லில் ஒரே வகை ஏற்பி. ஆனால் லினலூலுக்கு ஒரு செல், இன்டோலுக்கு ஒரு செல் என்று ஒன்றுக்கு ஒன்றாகப் பங்கு பிரித்துவைக்கவில்லை. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தட்டும். ஒரு ஏற்பி பல மூலக்கூறுகளுக்குத் திறக்கும். ஒரே வகை ஏற்பி உள்ள செல்களெல்லாம் சல்லடை எலும்புக்கு மேலே உள்ள மோப்பக் குமிழில் தங்களுக்கென்றே உள்ள முடிச்சுகளில் போய்ச் சேர்கின்றன. அந்த முடிச்சுகளைக் கோலப்புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மல்லி வந்தால் சில புள்ளிகள் பற்றிக்கொள்ளும். காபி வந்தால் வேறு சில, நடுவே இரண்டு மூன்று பொதுவாகவும் இருக்கும். மூளை வாசிப்பது புள்ளியை அல்ல, கோலத்தை. கார்வோன் என்றொரு மூலக்கூறு இருக்கிறது. அதன் ஒரு வடிவம் ஸ்பியர்மின்ட் மணம். கண்ணாடியில் தெரிகிற பிம்பம் போல இடவலம் மாறிய மற்ற வடிவம் சதகுப்பை மணம். அணுக்கள் எல்லாம் அதேதான், திருப்பம் மட்டும்தான் வேறு. அதற்கே கோலம் மாறிவிடுகிறது!

இப்போது இன்டோல். நான் ஆசையாகக் காத்திருந்த இடம் இதுதான். கொண்டையில் மல்லியை மல்லியாக்குவதில் பங்குள்ள இந்த இன்டோல், மலத்திலும் இருக்கிறது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. துளியூண்டு இருந்தால் பூ. அளவு கூடினால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். அளவு ஏற ஏறப் புதிய ஏற்பிகளும் சேர்ந்து தட்டப்படுவதால், அதே பொருள் வேறு கோலமாகிவிடுகிறது. நம் மொழியிலும் ஒரு சொல் இதே பாதையில் நடந்திருக்கிறது. ‘நாற்றம்’ என்றால் பழந்தமிழில் நறுமணமும்தான். மொட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் மணத்தை வள்ளுவர் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார். இன்றைக்கு யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.

மொழி என்றதும் இன்னொன்று. மிளகாய் வற்றலைத் தாளிக்கும்போது வீடே இருமுகிறதே, அதை நாம் ‘மிளகாய் மணம்’ என்று சொல்வதில்லை. ‘நெடி’ என்கிறோம். அந்த எரிச்சலைக் கொண்டுபோவது மோப்ப நரம்பு இல்லை. முகத்தில் சூடு, குளிர், வலி உணரும் முக்கிளை நரம்பு. உடற்கூறு பிரித்துவைத்ததை நம் சமையலறைகளும் சொல்லில் பிரித்துவைத்திருக்கின்றன. யார் அந்தச் சொல்லை முதலில் சொன்னார்களோ, அவர்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

அடுக்களைக்குப் போய் ஒரு ஏலக்காய் எடுத்துவாருங்கள். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏலரிசியை மெல்லுங்கள். லேசான கசப்பு, கொஞ்சம் காரம், அவ்வளவுதான். இப்போது மூக்கை விடுங்கள். வந்துவிட்டதா ஏலக்காய்? தொண்டைக்குப் பின்னால் ஒரு கொல்லைப்புற வழி இருக்கிறது. மென்றதன் மணம் அதன் வழியாக ஏறிப் பின்பக்கமாக மூக்கின் கூரையைத் தொடுகிறது. நாக்கில் ருசிக்கிறது என்று நாம் நம்புவதில் பெரும்பங்கு அங்கே நடப்பதுதான்.

மனிதனுக்கு மோப்பம் போதாது என்று 19ஆம் நூற்றாண்டில் ஒரு பேச்சு கிளம்பி, இன்றுவரை நிற்கவில்லை. 2007இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் என்ன செய்தார்கள் தெரியுமா? புல்தரையில் சாக்லேட் மணம் ஏற்றிய நூலைக் கிடத்தினார்கள். 32 பேருக்குக் கண்ணைக் கட்டி, காதை அடைத்து, கையில் கனமான உறை மாட்டி, மண்டிபோட வைத்து, மூக்கால் மட்டும் தேடச் சொன்னார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் தடத்தை விடாமல் பிடித்துப் போனார்கள், மோப்ப நாய் போலவே இப்படியும் அப்படியும் வளைந்து வளைந்து! பழகப் பழக வேகமும் கூடியது.

கொரோனா காலத்தில் காபியும் ரசமும் சப்பென்று போய் அழுதவர்கள் பலர். கிருமி பெரும்பாலும் தாக்கியது நரம்பு செல்களை அல்ல, அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் பக்கத்துச் செல்களை. பலருக்கு மணம் திரும்பி வந்தது. சிலருக்கு மாதக்கணக்கானது, சிலருக்குக் கோணலாகத் திரும்பியது. மூளையின் பெரும்பாலான நரம்பு செல்கள் போனால் போனதுதான். ஆனால் மூக்கின் கூரையில் வயதுவந்த பின்னும் புதிது புதிதாக முளைக்கின்றன. முளைத்து, சல்லடை ஓட்டைக்குள் நுழைந்து, தத்தம் ஏற்பிக்கு உரிய முடிச்சைத் தேடிப் பிடிக்கின்றன. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிற இந்த நேரத்திலும்.

பஸ் பெரியார் நிலையத்தை நெருங்கியது. முன்சீட்டு அம்மா அங்கேயேதான் இருந்தார், பூவும் இன்னும் நன்றாக விரிந்திருந்தது. எனக்கோ மணமே தெரியவில்லை. மாறாமல் வந்துகொண்டிருப்பதை மூக்கும் மூளையும் சேர்ந்து அடக்கிவைத்துவிடும். புதிதாக எது வந்தாலும் பிடிப்பதற்கு இடம் வேண்டுமே. அப்போது ஒரு பள்ளிக்கூடப் பெண் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றாள். ஒரு மூச்சு இழுத்தாள். சட்டென்று முன்சீட்டைத் திரும்பிப் பார்த்து, “எங்க வாங்கினீங்க அக்கா?” என்றாள்.