மனச்சிதைவும் மரபணு மதிப்பெண்ணும்: கோபிநத்தத்துக்கு எந்தக் கணக்கு?

பரம்பரையா, தலையெழுத்தா?

ஒகேனக்கல்லை ஒட்டிய காவிரிக் காட்டில், கர்நாடகப் பக்கம் இருக்கிறது கோபிநத்தம். சாமராஜநகர் மாவட்டம். ஊர்ப்பேச்சு பெரும்பாலும் தமிழ். அந்த மலைத்தொடரில் சோலிகர் பழங்குடியினரின் குடியிருப்புகளும் உண்டு. எந்த ஊரானாலும் ஒரு வீட்டில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் வந்தால், கூடப்பிறந்தவர்களுக்கு வரன் தேடும்போது கிளம்பும் கேள்வி ஒன்றுதான்: "இது பரம்பரையா?" பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது உண்மை. பொதுவாக நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வரும் நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு வரலாம். ஆனால் அதே கணக்குப்படி மீதி ஒன்பது பேருக்கு வருவதில்லை. அச்சு அசலாக ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தாலும், மற்றவர் தப்பிவிடுவதுதான் பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் நடக்கிறது. தலையெழுத்து என்று சொல்ல இதில் இடமில்லை.

மதிப்பெண் தடுமாறும் இடம்

இந்த நோய்க்கு ஒற்றை மரபணு காரணமல்ல. 76,755 நோயாளிகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2022-இல் வெளியான உலகளாவிய ஆய்வு, மரபணுத் தொகுதியில் 287 இடங்களை நோயோடு தொடர்புபடுத்தியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. இவற்றோடு இன்னும் ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகளையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்துக் கூட்டினால் கிடைப்பதுதான் மரபணு இடர் மதிப்பெண். கூட்டல் எளிது, அந்த எடைகள் யாருடைய ரத்தத்திலிருந்து வந்தவை என்பதில்தான் சிக்கல். இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் சுமார் 79 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்று 2019-இல் கணக்கிட்டார்கள். டி.என்.ஏ.வைப் படிக்கும் சோதனைச் சில்லு பெரும்பாலும் நோய்க்குக் காரணமான டி.என்.ஏ. எழுத்தை நேரடியாகப் படிப்பதில்லை; அதன் கூடவே தலைமுறை தலைமுறையாக வரும் பக்கத்து எழுத்தைப் படித்து ஊகிக்கிறது. அந்தக் கூட்டாளி எழுத்து மக்களுக்கு மக்கள் மாறுகிறது. அங்கே பொருந்திய ஊகம் இங்கே பிசகுவது அதனால்தான்.

மனித மூளை எங்கும் ஒன்றுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிழக்காசியாவில் 22,778 நோயாளிகளிடம் நடந்த 2019 ஆய்வும், நோயின் மரபணு அடித்தளம் ஐரோப்பியருக்கும் அவர்களுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்றுதான் காட்டியது. ஆனால் காரணங்கள் பொதுவாக இருப்பது வேறு, ஒரு தனிமனிதரின் இடரைச் சரியாக அளப்பது வேறு. அதே ஆய்வில்கூட, ஒரு மக்கள் கூட்டத்திடம் தயாரித்த மதிப்பெண் மற்றொன்றிடம் வலுவிழந்தது.

'இந்தியர்' என்ற ஒரே பெட்டி

இந்தியாவுக்கென ஒரு மதிப்பெண் போட்டுவிட்டால் தீர்ந்ததா? அதுவும் போதாது. தெற்காசியாவில் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்த 2017 ஆய்வு, நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடித்ததன் தடயம் அவற்றில் 81 சமூகங்களில், இத்தகைய தடயத்துக்குப் பேர்போன பின்லாந்து மக்களிடம் இருப்பதைவிட ஆழமாக இருப்பதைக் கண்டது. அதனால் கூட்டாளி எழுத்துகள் சமூகத்துக்குச் சமூகம் மாறியிருக்கலாம். மலையடிவாரத் தமிழ்க் குடும்பத்தையும் மலைமேல் சோலிகர் குடும்பத்தையும் ஒரே எடையால் அளப்பது சரியாகுமா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

சோதித்தால் புதியது கிடைக்கும் என்பதற்குச் சென்னையே சான்று. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் அங்கே தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து, 1,300-க்கும் மேற்பட்ட நோயாளிகளோடு நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. எட்டாவது குரோமோசோமில், நயாசின் என்ற வைட்டமினை உடல் கையாளும் விதத்தோடு தொடர்புள்ள ஓர் இடத்தை அது அடையாளம் காட்டியது. வைட்டமின் மாத்திரை விழுங்கினால் நோய் வராது என்று யாரும் இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. அப்படி எதையும் அந்த ஆய்வு நிறுவவில்லை.

ரத்தம் கொடுப்பவரின் உரிமை

"எங்கள் ரத்தத்தை எடுத்து எங்கள் சாதிக்கே பைத்தியப் பட்டம் கட்டுவார்களா?" என்ற அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர் 1990 வாக்கில் சர்க்கரை நோய் ஆய்வென்று நம்பிக் கொடுத்த ரத்தம், அவர்களுக்குத் தெரியாமல் மனச்சிதைவு ஆய்வுக்கும் போனது. வழக்குப் போட்டு 2010-இல்தான் ரத்த மாதிரிகளைத் திரும்பப் பெற்றார்கள். எனவே சோலிகரிடம் மாதிரி கேட்பவர், எதற்கு, எவ்வளவு காலத்துக்கு, யாரிடம் போகும் என்பதை அவர்கள் மொழியில் சொல்லி, வேண்டாம் என்றால் விட்டுவிடவும் தயாராக இருக்க வேண்டும். அதற்காக ஆய்வே வேண்டாம் என்பதும் தவறு. விலகி நின்றால், பிறர் ரத்தத்தில் போட்ட கணக்குதான் நாளை நம் பிள்ளைகள் மேல் வந்து விழும்.

இன்றைய நிலையில் இந்த மதிப்பெண், ஐரோப்பியரிடம்கூட, ஒருவருக்கு நோய் வருமா என்று தீர்மானிக்கப் பயன்படாது. கல்யாணப் பேச்சில் அதற்கு இடமே கொடுக்கக் கூடாது. கவனிக்க வேண்டியவை வேறு: நன்றாகப் படித்த பையன் படிப்பை விட்டு அறைக்குள் முடங்குவது, இரவெல்லாம் விழித்துத் தனக்குத் தானே பேசுவது, சோற்றில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளுவது. மாந்திரீகத்தில் மாதங்கள் கழிவதற்குள் சிகிச்சை தொடங்கினால் தேறும் வாய்ப்பு கூடுகிறது. முதல் ஆலோசனைக்கு அரசின் டெலி-மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.