ஓயாது சொடுக்கும் அடுப்பு

பினாங்குத் தீவில் செப்டம்பர், அக்டோபர் திங்கள்கள் மழை மிகுந்தவை. அந்நாட்களில் ஜார்ஜ் டவுன் வீடுகளின் சமையற்கட்டில் ஒரு விந்தை நிகழ்வதுண்டு. எரிவாயு அடுப்பு அணைக்கப்பட்டிருக்கும். குமிழும் தன் இடத்துக்குத் திரும்பியிருக்கும். ஆயினும் ‘டிக், டிக்’ என்னும் ஒலி ஓயாது. பொறி எழுப்பும் கருவி கெட்டுவிட்டது என்று கருதத் தோன்றும். உண்மையில் அக்கருவி வேலை செய்கிறது என்பதற்கே அவ்வொலி சான்று. குற்றம் பெரும்பாலும் அதற்குக் கட்டளையிடும் உறுப்பில் இருக்கிறது.

அடுப்பு மூட்டும் கருவி இருவகைப்படும். முதல் வகை அழுத்த மின்சாரத்தால் இயங்குவது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதை 1880-இல் பிரெஞ்சுச் சகோதரர்களான ழாக் கியூரியும் பியேர் கியூரியும் கண்டறிந்தனர். குமிழைத் திருப்புகையில், சுருள்வில்லால் இயங்கும் சிறு சுத்தியல் இத்தகைய பொருளை அடிக்கிறது, பொறி பிறக்கிறது. இதற்கு மின்கலமும் வேண்டா, வீட்டு மின்சாரமும் வேண்டா. அடி நின்றால் பொறியும் நின்றுவிடும். ஆகவே ஓயாத ஒலிக்கு இங்கு இடமில்லை.

மற்றது மின்னணு வகை. 1.5 வோல்ட் மின்கலமோ வீட்டு மின்சாரமோ இதனை இயக்கும். மின்தேக்கி ஒன்று மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, ஒரே கணத்தில் சிறு மின்மாற்றிக்குள் செலுத்துகிறது. அங்கே மின்னழுத்தம் 10,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்கிறது. காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவை. முனைக்கும் பர்னருக்கும் இடையேயுள்ள சில மில்லிமீட்டரைப் பொறி தாண்டுவது இவ்வாறே. குமிழுக்கு அடியிலுள்ள சுவிட்சு இணைந்திருக்கும் வரை இது மீண்டும் மீண்டும் நிகழும்.

சுவிட்சை இணைக்க விரலே வேண்டும் என்பதில்லை. உப்பு நீரும் போதும். ரசமோ குழம்போ பொங்கி வழிந்தால், குமிழின் தண்டு வழியே கசிந்து சுவிட்சைச் சேரும். தூய நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். உப்பு கரைந்த நீரோ நன்றாகக் கடத்தும். மேலே துடைத்த பின்னும் ஒலி திரும்பத் திரும்ப வருவானேன்? காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால், சமையலுப்பு காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரையத் தொடங்கும். பினாங்கின் சராசரி ஈரப்பதமோ நூற்றுக்கு 80-ஐ ஒட்டியது. மழை நாளில் இன்னும் மிகும். ஆதலின், வெயிலில் உலர்ந்து அடங்கிய உப்பு மழையில் மீண்டும் கசிகிறது. உப்பு ஜாடி நீர்விடும் நாளில் அடுப்பும் சொடுக்கத் தொடங்குவதன் மருமம் இதுவே.

தீ எரியும்போதே ஒலி தொடருமாயின் வேறொரு காரணத்தையும் நோக்க வேண்டும். சில அடுப்புகளில் தீயை உணர்ந்து பொறியைத் தானே நிறுத்தும் அமைப்பு உண்டு. சுடரில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் இருப்பதால் அதனூடே சிறிது மின்சாரம் பாயும். அது கிடைத்ததும் பொறி நிற்கும். பர்னர் மூடி கோணலாக அமர்ந்திருந்தாலும், முனையில் கரி படிந்திருந்தாலும், நில இணைப்பு சரியாக இல்லாவிட்டாலும் கருவிக்குத் தீ தெரியாது. அது இன்னும் மூட்டிக்கொண்டே இருக்கும்.

பழுது பார்க்குமுன் முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டித் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு அளவு கலந்தாலே தீப்பற்றும். வாயு மணம் வீசினால் ஒலியை நிறுத்த எண்ணி மின்செருகியைப் பிடுங்கக் கூடாது. எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது. அதிலும் பொறி எழும். கலனின் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து வெளியேறுவதே முறை.

மணம் இல்லையெனில், ரெகுலேட்டரை மூடி, மின்செருகியை அல்லது மின்கலத்தை அகற்றி, அடுப்பை ஆறவிட வேண்டும். பல அடுப்புகளில் ஒரு குமிழின் சுவிட்சு நனைந்தாலும் எல்லா முனைகளிலும் பொறி எழும். எனவே குழம்பு வழிந்த குமிழையே முதலில் ஐயுற வேண்டும். குமிழைக் கழற்றி, நன்னீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் அடியைத் துடைத்தால் உப்பு அகலும். வறண்ட துணியால் வெறுமனே ஒற்றினால் நீர் போகும், உப்பு தங்கிவிடும். பின்னர் ஓர் இரவு விசிறிக் காற்றில் உலர்த்தி, மூடிகளைச் செவ்வனே பொருத்த வேண்டும். அதன் பின்னும் ஒலி நீடித்தால் சுவிட்சையே மாற்ற வேண்டும். அது தேர்ந்த தொழிலாளி செய்ய வேண்டிய வேலை.

குழம்பு பொங்கிய அன்றே குமிழின் அடியையும் துடைத்துவிட்டால், அடுத்த மழைக்கு அடுப்பு வாய் திறவாது.