மேய்ச்சல் நிலத்துக்கும் திட்டம் வேண்டும்

சங்கங்களைத் தணிக்கை செய்யப் பல்லடம் வட்டாரக் கிராமங்களுக்குச் செல்லுங்கால், ஒரு காட்சியைப் பன்முறை கண்டிருக்கிறோம். வேலிக்கு உள்ளே புல் நிற்கும். வெளியே வெறும் செம்மண் கிடக்கும். இரண்டிற்கும் மழை ஒன்றே, மண்ணும் ஒன்றே. வேற்றுமைக்குக் காரணம் யாது?

உள்ளிருப்பது கொறங்காடு. முள்ளுக்கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அது. மழை பெய்தவுடன் உடையவர் மாட்டை உள்ளே விடுவதில்லை. புல் வளரும் வரை பொறுத்து, பிறகு பகுதி பகுதியாக மேய்க்கிறார். கோடையில் வெள்வேலங்காய் தீவனமாகிறது. காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இவ்வொழுங்கில் வளர்பவை. வெளியிலுள்ள மேய்ச்சல் புறம்போக்கோ எல்லோருக்கும் உரியது. ஆதலால் பொறுத்திருப்பார் ஒருவருமில்லை. புல் அழிந்த இடத்தில் சீமைக்கருவேல் குடியேறுகிறது.

பொது நிலம் பாழாகத்தான் வேண்டும் என்பது விதியன்று. அமெரிக்காவில் இராணுவப் பயிற்சி நிலங்களுக்கென 1960இல் சைக்ஸ் சட்டம் இயற்றப்பட்டது. பீரங்கி முழங்கும் இடத்தில் மானுக்கும் மீனுக்கும் திட்டமா என அன்பர்கள் வியக்கலாம். இயற்கை வளமுள்ள இராணுவ நிலங்களுக்கு எழுத்து மூலமான திட்டம் வேண்டுமென 1997இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இராணுவமும், மத்திய வனவிலங்குத் துறையும், மாநிலத் துறையும் கூடி அதனை வகுக்கின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் மறுபரிசீலனை செய்கின்றன. அங்கே வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் பெறும் கட்டணம் அந்நிலத்தின் வளத்துக்கே செலவாகிறது. இலாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதியில் வைக்கும் நமக்கு இது புதிய பாடமன்று.

நம் மாவட்டத்திலும் சான்று உண்டு. நல்லாற்று நீர் பெறும் திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாயிற்று; 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. புறம்போக்கு ஆக்கிரமிப்புகளை அகற்றி, ஊர்ப் பொதுப் பயனுக்கு மீட்குமாறு உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் மாநிலங்களுக்கு ஆணையிட்டுள்ளது. மேய்ச்சல் புறம்போக்கை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சிக்கு அளிக்கிறது. சட்டம் உண்டு, செயல்படுத்தக் கேட்பாரே வேண்டும்.

ஆகவே, அங்கத்தினர்கள் கிராம சபையில் மூன்றினை வற்புறுத்துவார்களாக. முதலாவது, மேய்ச்சல் புறம்போக்கை அளந்து எல்லைக்கல் நடுதல். இரண்டாவது, சீமைக்கருவேலை வேரோடு களைந்து கொழுக்கட்டைப் புல் விதைத்தல். மூன்றாவது, நிலத்தை மூன்று நான்கு பகுதிகளாக்கி, மழைக்குப் பின் ஒவ்வொன்றுக்கும் முறைப்படி ஓய்வளித்தல். குளத்து மீன் குத்தகையில் ஊராட்சிக்கு வருவாய் உண்டாயின், ஒரு பங்கு அக்குளத்துக்கே திரும்பட்டும்.

இது உழவர் காரியம் மட்டுமன்று. நூல் விலை ஏறித் தறி நின்ற மாதங்களில், நெசவாளர் இல்லங்களில் பாற்பணத்தால் அடுப்பெரிந்ததை நாம் கண்டிருக்கிறோம். விலைத் தீவனம் வாங்க வகையற்ற அவ்வீட்டின் பசு, ஊர்ப் புல்லை நம்பியே நிற்கிறது. கொறங்காட்டில் ஒருவர் தனியே காக்கும் பொறுமையை, புறம்போக்கில் ஊரார் கூடிக் காத்தல் வேண்டும். கூட்டுறவு என்பதும் அதுவேயன்றோ?